எழுதக்கூடாதவை போக மீதி

2025 ஜூன் 30, திங்கள்

எங்களுக்கு உளவளத்துணை (கவுன்சிலிங்) பழக்குகிற மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன், நாட்குறிப்பு எழுதி வெளியில் போடலாமா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் பதில் நீளும் என்பது எங்களுக்குப் பழக்கம். இந்த முறை இரண்டே வரிதான். "எழுதும். ஆனா வாசிக்கிற ஆராவது 'இது நான்தானோ' எண்டு ஒரு நிமிஷம் யோசிச்சாலும் அது பிழை."

(யாழ்ப்பாணத்தாரின் இந்த 'நீர், எழுதும், வாரும்' எனக்கு முதல் வாரம் ராஜா காலத்து நாடகம் போல இருந்தது. ஹட்டனில் வளர்ந்தவளுக்கு 'நீ' அல்லது 'நீங்க', இரண்டுதான். இப்போது பழகிவிட்டது.)

ஆகவே துணைநாடிகள் யாரும் இதில் வரமாட்டார்கள். துணைநாடி என்றால் எங்களிடம் பேச வருகிறவர்; 'நோயாளி' என்றால் மிஸ் உடனே திருத்துவார். வரப்போவது நாங்கள் நாலு பயிலுநர்களும், மிஸ்ஸும், இந்தக் கட்டிடமும்தான்.

கட்டிடம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில். கீழே தையல் கடை, மேலே நாங்கள். வாசலில் 'உளவளத்துணை' என்று பலகை கிடையாது, வீட்டு இலக்கம் மட்டும். படி ஏறுகிறவர் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறார் என்றே தெருவில் நிற்கிறவர் நினைக்கட்டும் என்பது ஏற்பாடு. ஆண்கள் வந்தால் என்ன நினைப்பார்களோ தெரியாது.

மறைப்பு எதற்கு என்று முதல் நாள் கேட்டேன். மிஸ் திருப்பிக் கேட்டார்: "சின்ன வயசில ஆரையாவது அங்கொடைக்கு அனுப்பினனீரோ?" அனுப்பியிருக்கிறேன். தேசிய மனநல நிறுவகம் அங்கே இருப்பதால் அந்த ஊர்ப் பெயரே திட்டுச் சொல்லாகிவிட்டது. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், கொழும்பையே பார்க்காத பிள்ளைகள், "உன்ன அங்கொடையிலதான் போடணும்" என்று சொல்லிக்கொள்வோம். 1873இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் பெயரிலேயே பைத்தியம் இருந்தது. பிறகு நாங்கள் மட்டும் என்ன செய்வோம்?

ஜூலை 3, வியாழன்

மூவர் பயிற்சி. ஒருவர் துணையாளர், ஒருவர் துணைநாடி, மூன்றாமவர் வாய் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டும். நான் துணையாளர். கொட்டாஞ்சேனை அக்கா தன் நாய் செத்த கதையைச் சொன்னார். உண்மைக் கதைதான், சொந்தத் துயரத்தில் சின்னதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அக்கா முப்பது வருஷம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாயைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பத்து நிமிடம் முடிந்ததும் மட்டக்களப்புத் தம்பி குறிப்பை வாசித்தான். "யோசிக்காதீங்க, ஐந்து தரம். அதில ரெண்டு, அக்கா வசனத்தை முடிக்க முந்தி."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் நினைத்துப் பாருங்கள், இந்த நாட்டில் தமிழ் பேசுகிற யாரும் ஆறுதலுக்கு முதலில் எடுக்கிற சொல் அதுதானே. இங்கே யோசிப்பது என்றால் சிந்திப்பது மட்டுமல்ல, கவலைப்படுவதும். செத்த வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில், விசா கிடைக்காத வீட்டில், எல்லா இடத்திலும் "யோசிக்காதீங்க". அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் யோசனையைச் சொல்லவே ஒருவர் படி ஏறி வந்திருக்கிறார், நாம் அதையே வேண்டாம் என்கிறோம்.

அதன் பிறகு தேநீர் நேரம் முழுக்கச் சொற்களைப் பற்றியே பேச்சு. 'மனச்சோர்வு' என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லோடு யாரும் வருவதில்லை. கிண்ணியாத் தங்கை சொன்னாள், அவளுடைய உம்மா "கல்புக்குள்ள ஒரு மாதிரி" என்பாராம். எங்கள் பக்கம் "மனசு பாரமா இருக்கு", அல்லது மனசைப் பற்றிய பேச்சே இல்லாமல் இடுப்பு வலி, தலைவலி. யாழ்ப்பாணத்தில் 'ஒரே யோசினை', அதோடு ஒரு பெருமூச்சு. மிஸ் அந்தப் பெருமூச்சையும் வசனமாகவே எழுதச் சொல்கிறார்.

இரவு அம்மாவுக்கு போன் எடுத்தேன். பிஎச்க்யூ-9 என்கிற கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 27. மனச்சோர்வு எந்த அளவில் இருக்கலாம் என்று ஊகிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. முதல் கேள்வியை மட்டும் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். போன ரெண்டு கிழமையில எதையாவது செய்யிறதுல ஆர்வம் இல்லாம இருந்துச்சா?

"ஆர்வமா? கொழுந்து 18 கிலோ எடுக்காட்டி முழுப் பேர் போடமாட்டாங்கடி. ஆர்வத்த எங்க போய்த் தேட?"

(முழுப் பேர் என்றால் முழு நாள் சம்பளம்.) இதற்கு 0 போடுவதா 3 போடுவதா?

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது.

நாலு பேருமே கேட்டோம், நாலு பேரின் குரலும் அந்த இடத்தில் தாழ்ந்தது. தம்பி 'அப்படியான எண்ணங்கள்' என்று சுற்றி வளைத்தான். நான் 'அப்படி எதுவும் இல்லதானே?' என்று கேட்டேன். மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லையெண்டு சொல்லச் சொல்லிக் கெஞ்சிறீர். கேக்கேல்ல."

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். அது சரியல்ல. நேராகக் கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கிறவருக்கு அது வாசல். தயக்கத்துக்குக் காரணம் பழையது என்று மிஸ் விளக்கினார். உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர் இந்த நாட்டில் 1998 வரை சட்டப்படி குற்றவாளி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் வந்து நிற்கும். பொய் சொல்லாமல் என்ன செய்வார்கள்? 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, லட்சம் பேருக்கு 47 பக்கம். பிறகு பத்து வருஷத்துக்குள் பாதியாகியது. பெரிய காரணம் எங்களைப் போன்றவர்கள் அல்ல. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அதுதான். இதைச் சொல்லும்போது மிஸ்ஸுக்கு ஒரு சின்னச் சிரிப்பு. எங்கள் தலைக்கனத்துக்கு மருந்தாக வைத்திருக்கிறார் போல.

ஆளுக்குப் பத்து முறை அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னார். சுவரைப் பார்த்து, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து. யாராவது 'ஓம்' என்றால் அடுத்து என்ன செய்வது என்பதும் பாடம்: தனியே விடாதே, பதறாதே, மிஸ்ஸை உடனே கூப்பிடு. இரவானால் 1926, மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவி, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

மாலை 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வாழவே வேண்டாம் என்று எண்ணம் வருகிறதா, வாழவே வேண்டாம் என்று எண்ணம் வருகிறதா. வாய்க்குள் என்றுதான் நினைத்தேன். முன் சீட்டில் இருந்த வயதான அம்மா எழுந்து, என் கையைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். "யோசிக்காத பிள்ள" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றி மூன்றாம் தேதி எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன்.

ஜூலை 10, வியாழன் – போயா விடுமுறை

வெளியில் துணைநாடியைக் கண்டால் நாமாக முதலில் பேசக்கூடாது. அவர் சிரித்தால் சிரிக்கலாம். அவர் பார்க்காதது போலப் போனால் நாமும் அப்படியே.

பெரிய நகரங்களில் இது சுலபமாக இருக்கும். வெள்ளவத்தை நகரமே இல்லை, கிராமம். ஒரே மரக்கறிக் கடை, ஒரே கோயில், ஒரே இடியப்பக்காரர். இன்று காலை முருங்கைக்காய் வாங்கும்போது யாரையாவது கண்டேனா இல்லையா என்பதை எழுதமாட்டேன். முருங்கைக்காய் தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன் என்பதை மட்டும் எழுதலாம்.

கஷ்டம் என் போடிங் வீட்டு ஆன்ட்டிதான். நல்ல மனுஷி. நான் வந்த அன்றே எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், தோட்டத்தில் எந்த டிவிஷன் என்று வரிசையாகக் கேட்டு, வேண்டியதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் எனக்குச் சோறு போட்டவர். (அந்த வரிசையின் அடியில் என்ன கேள்வி இருக்கிறது என்று தெரியாத மலையகப் பிள்ளை இருக்கமுடியாது.) மத்தியானம் கேட்டார்: "மூண்டாம் மாடி ஃப்ளாட்டில இருக்கிற அவ உங்கட இடத்துக்கு வாறவவோ?"

'தெரியாது' என்றால் பொய். 'இல்லை' என்றால், நாளைக்கு வேறொருவரைக் கேட்டு நான் பேசாமல் நின்றால் அதுவே 'ஓம்' ஆகிவிடும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் என்று பழக்கியிருக்கிறார்கள். "நான் வேலைக் கதை வீட்டில கதைக்கிறதில்ல ஆன்ட்டி."

இரவு இடியப்பத்துக்குச் சொதி மட்டும் வந்தது. சம்பல் வரவில்லை.

ஜூலை 16, புதன்

இன்னும் சம்பல் இல்லை.

மேற்பார்வை நாள். அரைமணி நேரப் பயிற்சி அமர்வொன்றை, நினைவிலிருந்து, வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டு போகவேண்டும். என் துணைநாடி கிண்ணியாத் தங்கை. மிஸ் இரண்டு நிறப் பேனாவால் எண்ணினார். என் வசனங்கள் 64, தங்கையுடையவை 38.

"ஆர் ஆருக்குத் துணை?" என்றார்.

கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையைப் போன மாதம் படித்தோம். துணையாளரிடம் இருக்கவேண்டியவை என்று அவர் சொன்னதில் மூன்று எல்லா வகுப்பிலும் வரும்: ஒத்துணர்வு, நிபந்தனை போடாமல் ஏற்பது, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இல்லாமல் இருப்பது. தம்பி சொன்னான், "இந்த மூண்டும் எங்கட அம்மம்மாட்ட இருந்திச்சு மிஸ். ஆனா அவ வாய மூடவே மாட்டா." எல்லோரும் சிரித்தோம். மிஸ் சிரித்து முடித்துவிட்டு, அம்மம்மா எப்போதாவது பேசாமல் இருந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு நாளைச் சொன்னான். 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்பு, தேவாலயத்தில் குண்டு வெடித்த ஈஸ்டர் ஞாயிறு. அதற்கு மேல் அவன் சொன்னது எங்கள் அறைக்குரியது.

மௌனத்துக்கு எனக்குக் கிடைத்த ஆசிரியர் கோச்சி. தண்டவாளம் ஒழுங்கையின் முனையில், கடலுக்கும் எங்களுக்கும் நடுவே. கோச்சி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், யார் என்ன பேசினாலும் கேட்காது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இன்று தங்கையோடு மறுபடி செய்து பார்த்தபோது கவனித்தேன்: கோச்சி வரும் வரை அவள் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அது போன பிறகு பரீட்சையை விட்டுவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை, கேட்க முடியவில்லை. மிஸ் இதைப் பாராட்டுவார் என்று பார்த்தால், "கோச்சி இல்லாத நேரத்திலயும் செய்து பாரும்" என்றார்.

ஜூலை 24, வியாழன்

மிஸ் இன்று பின்னேரம் அமர்வு எடுப்பதில்லை. நாளையும் இல்லை. நாட்காட்டியில் காரணம் எழுதியிருக்காது, ஆண்டாண்டாக அப்படித்தானாம். கொட்டாஞ்சேனை அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவர் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

1983இல் மிஸ்ஸுக்கு எட்டு வயது. வீடு இதே காலி வீதிப் பக்கம். ஜூலை 24ஆம் தேதி இரவு பொரளையில் தொடங்கிய தமிழருக்கெதிரான கலவரம் மறுநாள் இங்கே வந்தது. முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். படிப்பெல்லாம் யாழ்ப்பாணம், அதனால்தான் அந்தத் தமிழ். இதை எழுதலாமா என்று கேட்டேன். "என்ர கதை, நான் சொல்லலாம்" என்றார்.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதிது. அவருக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், மாதம் ஒரு முறை போய் அமர்கிறார். ஜூலையில் இரண்டு முறை. அங்கே போகும்போது அவரும் படியில் நின்று யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாராம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

ஜூலை 31, வியாழன்

என் முதல் அமர்வு. தனியாக, பயிற்சி அல்ல, உண்மையாகவே படி ஏறி வந்த ஒருவரோடு. மிஸ் பக்கத்து அறையில்.

காலை ஒன்பதிலிருந்து கதிரைகளை நகர்த்திக்கொண்டே இருந்தேன். நேருக்கு நேர் போட்டால் பொலிஸ் விசாரணை மாதிரி, பக்கவாட்டில் போட்டால் பஸ் சீட் மாதிரி. கடைசியில் தம்பி வந்து ஒன்றைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, "இனித் தொட வேணாம்" என்றான். டிஷ்யூ பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். ரொம்பக் கிட்ட இருந்தால் 'அழு' என்று சொல்வது போல இருக்கும் என்று தள்ளி வைத்தேன். மறுபடி கிட்ட வைத்தேன். கிண்ணியாத் தங்கை வாசலில் நின்று எனக்காக ஓதினாள்.

ஐம்பது நிமிடம். கோச்சி மூன்று தடவை போனது. 'யோசிக்காதீங்க' ஒரு தரம் வந்துவிட்டது, முடியும்போது, கதவருகில். மற்றதெல்லாம் எழுதக்கூடாதவை.

இரவு ஆன்ட்டி சோற்றுக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் குசினிக்குள் போனார். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.