மதிப்பெண் போடாத புத்தகம்

ஜூலை 19, வெள்ளி

அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. உள்ளங்கை மட்டும் சூடாக இருக்கிறது.

ஜூலை 20, சனி

ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, வேட்டிகள், பழைய பருத்தித் துணி. அண்ணி எடுத்துவரச் சொன்னது இவ்வளவுதான். பாபநாசம் வீட்டில் அலமாரியைத் திறந்தால் வரிசை வரிசையாக ஸ்டீபன் கிங், பயமுறுத்தும் நாவல்கள் எழுதுகிற அமெரிக்கர். திருச்சி மெயின் கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவை. பாதிப் புத்தகங்களுக்கு முதுகு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். 'தி ஷைனிங்' 9. 'சேலம்ஸ் லாட்' 8½. 'கேரி' 7. 'மிசரி' 9. 'தி ஸ்டாண்ட்' 9½. 'இட்' 8, பக்கத்திலேயே "முடிவு போதாது" என்று ஒரு குறிப்பு.

'பெட் செமட்டரி'க்கு மட்டும் ஒன்றும் போடவில்லை. வாங்கி அப்படியே வைத்த புத்தகமும் இல்லை அது. பாதிவரைக்கும் ஓரம் விரல்பட்டு அழுக்கேறியிருக்கிறது.

அதையும் 'தி ஷைனிங்'கையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அய்யம்பேட்டை வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவது காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரை, சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தரை. ஒரு நேரத்துக்கு ஒருவர்தான். மற்ற நேரமெல்லாம் வெளியே நாற்காலி.

'தி ஷைனிங்' தொடங்கினேன். இந்தப் புத்தகம் பிறந்த கதையை அண்ணன் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 1974-இல் கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் என்கிற ஊர். அங்கே ஸ்டான்லி ஹோட்டலில் கிங்கும் அவர் மனைவியும் ஒரு ராத்திரி தங்குகிறார்கள். பனிக்காலத்துக்காக மூடப்போகிற நேரம் என்பதால் வேறு ஆளே கிடையாது. அறை எண் 217. அன்றைக்கு ஒரு கனவு: தீயணைக்கிற குழாய் ஒன்று அவருடைய சின்ன மகனைத் தாழ்வாரத்தில் துரத்துகிறது, பிள்ளை அலறிக்கொண்டு ஓடுகிறான். எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவருக்கு நாவலின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. "ஹோட்டலை விடு பாப்பா, அந்தப் பிள்ளையைப் பாரு" என்பார் அண்ணன்.

இத்தனை பக்கம் படித்தும் பேய் வரவில்லை. வேலை போன அப்பா இருக்கிறார், குடியை விட்டவர், விட்டதை நினைத்து நினைத்து உதட்டைத் துடைத்துக்கொள்கிறவர். பழைய கார் ஒன்று. அழுத்தம் ஏறாமல் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு கொதிகலன். தெருமுனையில் அப்பா வருகிறாரா என்று பார்த்தபடி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன். எனக்கு அந்தப் பையன் போதும், பேய் வரவே வேண்டாம்.

ஜூலை 22, திங்கள்

"நேற்றுபோலவேதான் இருக்கார்" என்று சொன்னார்கள். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

அண்ணனின் போன் என்னிடம் இருக்கிறது. விசாரிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அவரோடு புத்தகம் பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் கூடவே ஒரு கேள்வி அனுப்பினேன். கிங் எழுதினதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? அண்ணன் கண் விழித்ததும் படித்துக்காட்ட வேண்டும்.

மன்னார்குடிக்காரர் இரண்டே நிமிடத்தில் பதில் போட்டார். 'தி கிரீன் மைல்'. 1996-இல் மாதம் ஒன்றாக ஆறு மெல்லிய புத்தகங்களாக வந்த நாவல் அது. மரண தண்டனைக் கைதி ஜான் காஃபியைப் பற்றி எழுதுவார் என்று பார்த்தால், அந்தச் சிறைக்குள் ஒரு சுண்டெலி நூல்கண்டுக் கட்டையை உருட்டிக்கொண்டு ஓடுமே, அதைப் பற்றித்தான் ஒரு பக்கம். "சாகப்போகிறவன் அந்த எலிக்கு இனிமே யார் தீனி போடுவாங்கன்னு கவலைப்படுறான், அந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரருக்கு ஷாஷாங்க் சிறைக் கதை. அது தனி நாவல் இல்லை, 1982-இல் வந்த 'டிஃபரண்ட் சீசன்ஸ்' தொகுப்பில் ஒரு குறுநாவல். 1994-இல் படமாக வந்தபிறகும் இது கிங் எழுதியது என்று சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். பேய் கிடையாது, பிசாசு கிடையாது. பொறுமையாகச் சுவரைக் குடைகிற ஒரு மனிதன் மட்டும்தான்.

நாகப்பட்டினத்து நண்பருக்கு 'இட்'. 1986-இல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேலே. எல்லாரும் அதில் வருகிற பேய்க் கோமாளியைத்தான் சொல்வார்கள். இவர் பிள்ளைகள் ஓடையில் அணை கட்டுகிற அத்தியாயத்தைச் சொல்கிறார். பதினோரு வயதில் கூடப் படித்தவர்களைப் போல அப்புறம் யாருமே அமையவில்லை என்று முடித்திருந்தார். 2004 டிசம்பருக்குப் பிறகு அவருடைய கூட்டத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று அண்ணனுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

ஒருவர்கூடப் பயந்த இடத்தைச் சொல்லவில்லை. பயம் காட்டுகிறவர் என்று பேர் வாங்கியவரைப் பற்றிக் கேட்டால், பிரியம் வைத்த ஆளைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இந்த மனுஷன் முதலில் நம்மை ஒரு வீட்டில் குடிவைக்கிறார். அடுப்படியைக் காட்டுகிறார், பிள்ளைகளின் பேர் சொல்லிக்கொடுக்கிறார், வாடகை பாக்கி எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிடுகிறார். கதவைத் தட்டுகிற சத்தம் அதற்கப்புறம்தான். அங்கே வாழ்ந்துவிட்டதால்தான் நமக்கு நடுக்கம் வருகிறது.

இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ள மாட்டார், சண்டை போடுவார். போடட்டும்.

ஜூலை 24, புதன்

ராத்திரி டியூட்டி டாக்டர் சின்னப் பையன். கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். அவருக்குப் பிடித்தது '11/22/63'. கென்னடி கொலையைத் தடுக்க ஒரு வாத்தியார் காலத்தில் பின்னால் போகிறார். உணவுக்கடையின் சாமான் அறைக்குள் படி இறங்கினால் 1958-ஆம் வருஷம். "கென்னடியை விடுங்க மேடம், அது காதல் கதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கு 1958 வேண்டாம். போன வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி போதும். வாசலில் செருப்பு மாட்டுகிற அண்ணனிடம், "அண்ணே, காபி கலந்துட்டேன், குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை. ஆற்றிக் குடிக்கிற நேரம் போதும், அந்த லோடு வண்டி பாலத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஜூலை 25, வியாழன்

1999 ஜூன் 19. கிங்கும் சாலையோரம் நடந்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலம், லவல் என்கிற சின்ன ஊர். வேனில் இருந்த நாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒருவன் ஓட்டிவந்து மோதினான். இடுப்பு எலும்பு போனது, ஒரு கால் பல துண்டாக நொறுங்கியது, நுரையீரல் சுருங்கியது. பிழைத்தார். ஐந்து வாரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். பாதியில் கிடந்த 'ஆன் ரைட்டிங்' அப்படித்தான் முடிந்து 2000-இல் வந்தது. அவர் ரொம்ப நேரம் உட்கார முடியாமல் தவித்தபோது மனைவி டாபிதாதான் வீட்டுக்குள்ளேயே ஒரு மேசை போட்டுக்கொடுத்தார்.

இதை எல்லாம் அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி கிங்கை ஒரு வரி படித்ததில்லை. ஆனால் டாபிதாவைத் தெரியும். "குப்பைத்தொட்டியிலேர்ந்து எடுத்தவதானே?" என்றார். ஆமாம், 'கேரி'யின் முதல் சில பக்கங்களைக் கிங் கசக்கிப் போட்டபோது, எடுத்துப் பிரித்து, சாம்பல் தட்டி, முழுசா எழுதுங்க என்று சொன்னது டாபிதா. 1974-இல் வெளிவந்த முதல் நாவல் அது. கல்யாணமான புதிதில் அண்ணன் சொன்ன முதல் கதை இதுதானாம். அண்ணிக்குப் பிடித்த கிங் கதை இதுதான், யாரும் மறுக்க வேண்டாம்.

வண்டிக்காரன் தரப்பிலிருந்து ஒருவர் வந்து சமாதானம் பேசினார். நான் பதில் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்திருந்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

ஜூலை 26, வெள்ளி

ஏன் மதிப்பெண் போடவில்லை?

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூர் திறந்துவிட்டார்கள். கல்லணைக்கு வந்து, அங்கே பிரித்துவிட்டு, நம் குடமுருட்டிக்கு வர இன்னும் சில நாள். நாற்காலி வரிசை முழுக்க இதே பேச்சு. குறுவை போனது போகட்டும், சம்பாவுக்காவது ஆகும் என்று ஒரத்தநாட்டுக்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் உள்ளே இருக்கிறாள்.

டாக்டர் கூப்பிட்டு, வாய்வழியாகப் போட்ட குழாய் ரொம்ப நாள் இருக்கக்கூடாது, தொண்டையில் துளை போட்டு வைக்க வேண்டும் என்றார். அண்ணி கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. வெளியே வந்தபிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா அழவில்லை. விளக்குக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும், மணிச் சத்தம் கேட்டது. "எப்படியாச்சும் திருப்பிக் கொடுத்துடு, எப்படியாச்சும் கொடுத்துடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கத்திவிட்டேன். எப்படியாச்சும்னு கேக்காதம்மா. நல்லபடியான்னு கேளு, பேச்சோடன்னு கேளு, எங்களை அடையாளம் தெரியிற மாதிரின்னு கேளு. எப்படியாச்சும்னு மட்டும் கேக்காத.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது 'பெட் செமட்டரி' என் மடியில்தான் இருந்தது. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. ஆனால் கதை தெரிந்த எல்லாருக்கும் தெரியும், அதில் ஒரு தகப்பன் இப்படித்தான் கேட்கிறான். புதைத்தால் திரும்பி வரும் மண் ஒன்று காட்டுக்குள்ளே இருக்கிறது. எப்படி வரும் என்று தெரிந்தபிறகும் போகிறான்.

ஜூலை 30, செவ்வாய்

துளை போட்டாயிற்று. முகம் தெரிகிறது. நாலு நாள் தாடி.

ராத்திரி முழுக்க படித்தேன். கிங் தன் பழைய பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் பாடம் நடத்தப் போனபோது ஆரிங்டன் என்கிற ஊரில் வாடகைக்கு இருந்த வீடு, முன்னால் லாரிகள் பறக்கும் சாலை, பின்னால் காட்டில் ஊர்ப் பிள்ளைகள் செத்த நாய்பூனைகளைப் புதைக்கிற இடம். மகளின் பூனை அந்தச் சாலையில் அடிபட்டது. சின்ன மகனும் ஒருநாள் சாலையைப் பார்த்து ஓடினான். பிடித்துவிட்டார்கள். பிடிக்காமல் போயிருந்தால் என்ற இடத்தில் நாவல் பிறந்தது. எழுதியதும் அவருக்கே தாங்காமல் இழுப்பறையில் போட்டுவிட்டார். பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டியிருந்ததால்தான் 1983-இல் வெளியே வந்தது. தான் எழுதினதிலேயே தன்னைப் பயமுறுத்தியது இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பாதியில், அழுக்கு நிற்கிற இடத்தில், ஒரு பஸ் டிக்கெட். மை பறந்து வெள்ளையாகிவிட்டது. அப்பாவும் மகனும் பட்டம் விடுகிற இடம். லூயிஸ் நூலைக் குழந்தையின் கையில் கொடுக்கிறான், காற்று இழுக்கிறது, பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார், இந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை என்று.

அண்ணன் அங்கே நிறுத்தியிருக்கிறார்.

நான் நிறுத்தவில்லை. விடியும்வரை படித்து முடித்தேன். யாருக்குப் பிடித்தது எது என்று ஊரெல்லாம் கேட்டேன் அல்லவா, என்னுடையது இதுதான். பிடித்தது என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவின் மணிச் சத்தம் எனக்குள் என்ன செய்தது என்று இந்தப் புத்தகத்துக்குத்தான் தெரிந்திருக்கிறது. லூயிஸை என்னால் திட்ட முடியவில்லை. எனக்கு வழி தெரிந்திருந்தால் நானும் மண்வெட்டியோடு போயிருப்பேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கண் திறந்தார்!

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டதாம். அம்மா தனியாகவே படித்துறைக்குப் போய்க் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டுவிட்டு மஞ்சள் கயிறு அனுப்பியிருக்கிறார், அண்ணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒன்றை நர்ஸம்மா கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட அண்ணனை 'சார்' போட்டுப் பேசித்தான் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். 'மிசரி'யை வீட்டிலேயே விட்டுவந்தது நல்லது. அதில் எழுத்தாளரை அடைத்துவைத்து வதைக்கிற நர்ஸ் ஆனி வில்க்ஸ், கிங்கைப் பிடித்திருந்த போதைப் பழக்கத்தின் உருவம் என்று அவரே சொல்லியிருக்கிறார், சரி. ஆனாலும் அந்தப் பக்கங்களை இந்த அம்மா கண்ணெதிரே புரட்ட எனக்கு மனசு வராது.

அரை மணி நேரமும் நண்பர்கள் எழுதியதைப் படித்துக்காட்டினேன். நாகப்பட்டினத்து வரிகள் வந்தபோது வலதுகை விரல் அசைந்தது. டாக்டர் அதை ரொம்பப் பெரிசாக எடுத்துக்க வேண்டாம் என்கிறார். நான் எடுத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. திருவையாற்றுப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் தொங்கிக்கொண்டு போகிறது. மதியம்தான் வந்துசேர முடிந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"ஆமான்னா கையை அழுத்துங்கண்ணே" என்றேன். அண்ணி பேர் சொன்னேன், அழுத்தினார். பிள்ளைகள் பேர், அழுத்தினார். 'ஸ்டாண்ட்' படிக்கட்டுமா என்றேன். இரண்டு தடவை அழுத்தினார். ஆறாயிரம் தடவை அழுத்தின மாதிரி எனக்கு.

'பெட் செமட்டரி' பற்றிக் கேட்கவில்லை. டிக்கெட்டை அதே பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். காற்றுப் படுக்கை வாடகைக்குக் கேட்டாயிற்று. சளி உறிஞ்சும் மெஷின் ஓட்ட அண்ணி கற்றுக்கொள்கிறார். மன்னார்குடிக்காரர் பஸ் ஏறி வந்து தன்னுடைய 'தி ஸ்டாண்ட்' கொடுத்துவிட்டுப் போனார், 1990-இல் வந்த பெரிய பதிப்பு, 1978-இல் வெட்டினதையெல்லாம் திரும்பச் சேர்த்தது. அண்ணன் மதிப்பெண் போட்டது பழைய பதிப்புக்கு. இது எப்படியும் சில மாதம் இழுக்கும். இழுக்கட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், 102. எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். 'ஸ்டாண்ட்' கதையில் ஸ்டூ ரெட்மன் பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருக்கிறான், அந்தக் கார் இப்போதுதான் வளைந்து வளைந்து வருகிறது, அதற்குள் நேரம் முடிந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அண்ணி கூப்பிடுகிறார்.