வியாழக்கிழமை மட்டும் வரும் டீச்சர்

எங்கள் பள்ளியில் 34 பிள்ளைகள், ஆசிரியர்கள் இரண்டு பேர். முதல் மூன்று வகுப்புகள் என்னிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். என்னிடம் இருக்கும் 18 பேரில் ஒருவன் பேசமாட்டான். பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு. ஆட்டிசம் என்று சான்றிதழ் இருக்கிறது, அடையாள அட்டையும் வாங்கியாகிவிட்டது. காலையில் வந்ததும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பையிலிருந்து பாட்டில் மூடிகளை எடுத்து அடுக்குவான். முதலில் நீலம், அப்புறம் வெள்ளை, அப்புறம் பச்சை. யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் போதும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவான். அழுகை ஓய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் மற்ற 17 பேருக்கும் பாடம் நடக்காது.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு குழந்தைக்கு என்ன செய்யவேண்டும் என்று பக்கத்தில் நின்று எனக்கு முன்பு யாரும் காட்டித் தந்ததே இல்லை.

முதன்முதலில் காட்டித் தந்தது, வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக வாரம் ஒருமுறை வந்த சிறப்புப் பயிற்றுநர்தான். இரண்டு பஸ் மாறி வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருவார், மூன்று மணிக்கெல்லாம் கிளம்பியாகவேண்டும், இல்லையென்றால் பஸ் கிடையாது. அவர் பையில் உள்ளங்கை அளவுக்கு நான்கு படங்கள். தண்ணீர், சோறு, கழிப்பறை, வீடு. பின்னால் ஒட்டும் பட்டை வைத்து ஒரு அட்டையில் ஒட்டியிருக்கும். தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படத்தைப் பிய்த்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கவேண்டும், கொடுத்த உடனே தண்ணீர் கிடைக்கவேண்டும். மூன்று மாதம் இதே வேலை. ஒருநாள் அவனாகவே எழுந்து வந்து அந்தப் படத்தை அவர் கையில் வைத்தான். அதுவரை தாகம் எடுத்தால் கத்துவான், எதற்குக் கத்துகிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்து என் கையில் படத்தைத் திணித்தான். விளையாடுகிறான் என்று நினைத்து வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். திரும்பவும் எடுத்து வந்து கொடுத்தான். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. சொம்பை எடுத்துக் கொடுத்தேன், மடமடவென்று குடித்தான். மூன்று மாதம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை ஒரே நாளில் நான் வீணாக்கப் பார்த்தேன். வாரத்தில் மீதி நான்கு நாளும் அவன் என்னிடம்தானே இருக்கிறான்?

இப்போது அந்த வியாழக்கிழமையும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஆள் குறைந்துவிட்டதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறார், மருத்துவ முகாம், பதிவேற்றும் வேலை என்று கூப்பிட்டுவிட்டால் அதுவும் தவறிப்போகிறது. அவர் படித்தது செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்க. இந்தப் படிப்பில் செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு, ஆனால் வேலையில் எல்லாக் குழந்தைகளையும் ஒருவரேதான் பார்க்கவேண்டும். ஆட்டிசத்துக்கான இந்தப் பட முறையை அவர் சொந்தமாகத் தேடிப் படித்துக் கற்றுக்கொண்டார். சம்பளமோ தொகுப்பூதியம். பிஎம் ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத் தகராறில், இந்தச் சம்பளத்துக்கு வழியான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வி நிதியை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்திவைத்தபோது, இந்த மாதம் சம்பளம் வருமா வராதா என்று பஸ் ஸ்டாப்பில் நின்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, 6 வயதிலிருந்து 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. எத்தனை குழந்தைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று முடிவு செய்யச் சொல்லி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு கணக்குச் சொன்னது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை உருவாக்கி நிரப்புங்கள் என்று நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்லவேண்டி வந்தது.

ஆனால் அந்தப் 10 பேர் ஒரே பள்ளியிலா இருக்கிறார்கள்? எங்களிடம் ஒருவன், அடுத்த ஊரில் இரண்டு பேர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி. ஆளைப் போட்டாலும் அவருடைய நாளில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். வகுப்பாசிரியர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கும் எங்களுக்கு உதவாது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்கிறது அது. தலையை மட்டும்தான் எண்ணுகிறது. கழிப்பறைக்குக் கூடவே ஒரு ஆள் போகவேண்டிய குழந்தையும் அதில் ஒரு தலைதான். என்னைக் கேட்டால், இப்படி ஒரு குழந்தை சேர்ந்த அன்றே அந்தப் பள்ளிக்கு ஒரு உதவியாளரைக் கொடுக்கவேண்டும், சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வழி செய்யவேண்டும். அவர் வரும் நேரத்தில் நான் மற்ற 17 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி வரும்?

நாங்களாக ஒன்று செய்தோம். மதிய இடைவேளையில் அவர் எனக்கும் அந்தப் பையனின் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா நூறு நாள் வேலையிலிருந்து ஓடிவருவார், புடவையில் மண் அப்படியே இருக்கும். இப்போது வீட்டிலும் ஒரு செட் படம் இருக்கிறது, அவன் ஒன்பது படங்கள் வரை வந்துவிட்டான்.

போன வாரம் அந்த அம்மா கேட்டார். “டீச்சர், அடுத்த வருஷம் அவன் சார்கிட்ட போயிடுவானே, அவருக்கு இந்தப் படமெல்லாம் தெரியுமா?”

“சாருக்கு நான் காட்டிட்டேம்மா, அவரும் பழகிட்டாரு” என்றேன்.

“அஞ்சாவது முடிச்சு வேற ஊர் பள்ளிக்கூடத்துக்குப் போனா?”

அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. அங்கே யாரிடம் போய்க் காட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.