யாருக்குடா காய்ச்சல்?

எங்கள் வீட்டுக்குள் பிரெட் பாக்கெட் நுழைந்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "யாருக்குடா காய்ச்சல்?" என்பதுதான். பாலில் தோய்த்துத் தின்கிற பத்தியச் சாப்பாட்டை, உடம்பு நன்றாக இருக்கிறவன் எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறான் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மகள் பள்ளிக்கு சாண்ட்விச்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க, வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாச்சி கடையில் பிரவுன் பிரெட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் படித்தேன். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். இதில் முதல் ஆள் மைதா. கோதுமைத் தவிடெல்லாம் சர்க்கரைக்கும் பின்னால், கடைசி பெஞ்சில். அப்புறம் 150ஏ என்று ஒரு எண். அதுதான் கேரமல் நிறம். பழுப்புக்கு முழுப் பொறுப்பு அவர்தான்.

"அண்ணாச்சி, இது கலர் போட்ட மைதா."

"பின்னாடியெல்லாம் யாரு சார் படிக்கச் சொன்னா? முன்னாடி பாருங்க, கோதுமைக் கதிர் எவ்வளவு அழகா போட்டிருக்கான்!"

தயாரித்த தேதியைத் தேடினேன். பாக்கெட்டில் எங்கே மடிப்பு விழுகிறதோ, தேடிப்பிடித்து அங்கேதான் அச்சடிப்பார்கள் போல. சரி, புதுசாக இருந்தால் அமுக்கினதும் எழும்புமே என்று லேசாக அமுக்கிப் பார்த்தேன். "சார், அது பிரெட்டு, மாம்பழம் இல்ல" என்றார். கடைசியில், முழு கோதுமை மாவை முதலில் போட்டு, சதவீதமும் சொல்லியிருந்த ஒன்று அடுக்கின் பின்வரிசையில் கிடைத்தது. அதை நான் கையில் எடுத்ததும் அண்ணாச்சியே, "அது அவ்வளவா ஓடாது சார்" என்று எச்சரித்தார்.

மறுநாள் காலை சமையலறை எங்கள் கையில். வெறும் பிரெட்டில் தக்காளியை வைத்தால் மத்தியான மணி அடிப்பதற்குள் சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் இரண்டு துண்டிலும் மூலை முடுக்கு விடாமல் வெண்ணெய் தடவ வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்காது. தக்காளியின் விதைப்பகுதியை வழித்துவிட்டு, வெள்ளரி வில்லைகளைத் துணியில் ஒற்றி எடுத்தேன். கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய்ச் சட்னியில் அம்மா ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைப் போட்டு அரைத்தார். நீர் பிரியாமல் கெட்டியாக நின்றது. பத்தியச் சாப்பாடு என்றாலும் சட்னியில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. அவித்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அடுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவி மூடினோம்.

டோஸ்டர் இல்லை. தோசைக்கல்லைக் கேட்டால், "வெண்ணெய்ப் பிசுக்கு ஏறினா கல்லு தோசை விடாது" என்று அம்மா மறுத்தார். மனைவி சமாதானம் பேசி, பழைய சப்பாத்திக் கல் வெளியே வந்தது. மேலே பாரம் வைக்க இஞ்சி நசுக்கும் குட்டிக் குழவி. அதை வைத்த இடத்தில் சாண்ட்விச்சின் நடுவில் வட்டமாகக் குழி விழுந்தது. மகள் அதைப் பார்த்து, "டிசைனா பாட்டி?" என்றாள்.

மிச்ச பிரெட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு தகராறு. சென்னைப் புழுக்கத்தில் வெளியே விட்டால் சீக்கிரமே பூசணம். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிருக்கு மாவுச்சத்து இறுகி விறைத்துவிடும். "வறட்டி மாதிரி ஆயிடும்" என்று அம்மா ஒரே வார்த்தையில் சொன்னது இதைத்தான். ஃப்ரீசரில் போட்டு, வேண்டிய துண்டை மட்டும் எடுத்து நேரே கல்லில் வாட்டினால் பழையபடி ஆகிவிடும் என்றேன். இப்போது எங்கள் ஃப்ரீசரில் பிரெட்டும் துருவிய தேங்காயும் இடத்துக்குச் சண்டை போடுகின்றன.

மகளுக்கு பிரெட் ஓரம் ஆகாது. நான்கு பக்கமும் வெட்டிவிட்டுத்தான் டப்பாவில் வைக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. அந்த ஓரங்களைக் குப்பையில் போட அம்மா விடவில்லை. சாயங்காலம் பிய்த்துப் போட்டு, கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி தாளித்து உப்புமா கிளறினார். பள்ளியிலிருந்து பாதி சாண்ட்விச்சைத் திரும்பக் கொண்டுவந்த மகள், அதில் இரண்டாவது தட்டு கேட்டாள்.