ஆறு பேருக்கு ஸ்காட்டிஷ் விருந்து: மூன்று ஞாயிறு ஒத்திகை

எடின்பரோவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் ஜனவரி 25. அதைச் சாக்கிட்டு வருஷா வருஷம் யாராவது கூப்பிட்டு ஹாகிஸ் என்ற ஆட்டிறைச்சிப் பண்டம் போடுவார்கள். இந்தத் தடவை என் வீட்டில் என்று வாய் கொடுத்துவிட்டேன். ஆறு பேர், அதில் ஒருத்தி சைவம். அள்ளிக் கொட்டாமல், பெரிய ஹோட்டலில் வருவதுபோல் தட்டு அழகாக இருக்க வேண்டும் என்று எனக்கொரு ஆசை.

மெனு உடனே முடிவாகிவிட்டது: கல்லன் ஸ்கிங்க் என்ற மீன் சூப், ஹாகிஸ், கடைசியில் கிரானகன் என்ற இனிப்பு. ஆனால் மூன்றும் மீனவர், குடியானவர் வீட்டுச் சாப்பாடு. இதில் ஸ்டைலை எங்கே நுழைப்பது?

முதல் ஞாயிறு சூப். கல்லன் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஊர். ஸ்கிங்க் என்பது முதலில் மாட்டுக் காலெலும்பு சூப்பின் பெயராம். கரையோரத்தில் எலும்பு போய் புகையூட்டிய ஹாடக் மீன் வந்துவிட்டது. பளபளக்கும் மஞ்சள் மீன் வெறும் சாயம், வெளிர் நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். அரை கிலோ மீனை 600 மில்லி பாலில் பிரிஞ்சி இலையோடு போட்டேன். போனில் பேசிக்கொண்டே விட்டதில் தளதளவென்று கொதித்துப் பால் திரிந்தது. மறுபடி செய்தபோது ஓரத்தில் குமிழி வந்ததும் தணலைக் குறைத்தேன், ஆறே நிமிடம். வெந்த உருளைக்கிழங்கில் பாதியை மசித்து அதே பாலில் கலந்தால் தானாகக் கெட்டியாகிறது. மைதா வேண்டாம். சைவத் தோழிக்கு மீனில்லாமல் லீக் என்ற வெங்காயத்தாள் வகை போட்டுத் தனிச் சட்டி.

இரண்டாம் ஞாயிறுதான் கூத்து. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலோடு ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்ந்தது ஹாகிஸ். ஈரல் வறுவல் பிடித்தவர்களுக்கு ஒரு வாயிலேயே பழகிவிடும். கடையில் வாங்கும்போதே வெந்ததுதான், சூடாக்கினால் போதும். நான் கொதிநீரில் போட்டேன், தோல் வெடித்து சட்டி முழுக்க ஓட்ஸ் கஞ்சி. அதன்பின் அலுமினியத் தாளில் சுற்றி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, 180 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம். பிசகவில்லை. சைவத்துக்குப் பருப்பு, காளான் போட்ட ஹாகிஸ் பெட்டியிலேயே கிடைக்கிறது.

கூடவே நீப்ஸ், டாட்டீஸ்: மசித்த கிழங்குகள். டாட்டீஸ் உருளை. நீப்ஸை ஆங்கிலேயர் சொல்லும் பெயரில் (swede) தமிழில் எழுதினால் 'ஸ்வீட்' என்று இனிப்பாகிவிடும், எனவே மஞ்சள் டர்னிப் என்றே வைத்துக்கொள்வோம். 7 செ.மீ. வளையத்தில் மூன்றையும் அடுக்கிக் கோபுரம் கட்டினேன். வளையத்தைத் தூக்கியதும் டர்னிப் தண்ணீர் விட்டு, கோபுரம் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தது. மருந்து எளிது: வடித்த டர்னிப்பை வெறும் சட்டியில் திரும்பப் போட்டு, ஆவி அடங்கும்வரை சிறு தீயில் உலர்த்திவிட்டு மசிக்க வேண்டும். ஹாகிஸ் அடியில் இருக்கட்டும், பாரம் தாங்கும்.

மூன்று ஸ்பூன் விஸ்கியைப் பாதியாக வற்றவிட்டு, 200 மில்லி கிரீம், ஒரு ஸ்பூன் முழுக்கடுகு மஸ்டர்ட் சேர்த்தால் சாஸ் தயார். ஐலா தீவின் புகைநெடி விஸ்கி குடிக்கத்தான் நல்லது, சாஸில் ஆஸ்பத்திரி வாடை வருகிறது. காசு கொடுத்து வாங்கிய கறுப்புக் கல் தட்டுகளுக்கு விளிம்பில்லை. சாஸ் நேராக மேஜைவிரிப்புக்கு ஓடியது. அவை பரணுக்குப் போயாயிற்று.

மூன்றாம் ஞாயிறு கிரானகன். 50 கிராம் நொறுக்கு ஓட்ஸை வெறும் வாணலியில், ரவை வறுக்கிற பதத்தில், வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். கிரீம், தேன், விஸ்கி, ராஸ்பெர்ரி என்று கண்ணாடிக் கோப்பையில் மதியமே அடுக்கி வைத்தேன், படத்தில் வருவதுபோல். ராத்திரி எடுத்தால் ஓட்ஸ் ஊறிச் சவசவ. ஜனவரியில் உறைந்த பழம்தானே, அதுவும் நீர் விட்டிருந்தது.

இந்த ஊர்ப் பழைய வழக்கம், எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் மேஜையில் வைத்து அவரவர் கலந்துகொள்வது. விருந்தன்று அப்படியே விட்டுவிட்டேன். கோபுரங்கள் ஆறில் ஐந்து நின்றன, சாய்ந்ததை நான் எடுத்துக்கொண்டேன். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கிரானகன் கிண்ணங்கள் வந்ததும்தான் பேச்சு சூடுபிடித்தது, "உனக்கு விஸ்கி ஜாஸ்தி", "தேனை இங்கே தள்ளு" என்று. வறுத்த ஓட்ஸ் பாதியிலேயே தீர்ந்து, பத்து மணிக்கு மறுபடி வாணலியை அடுப்பில் வைத்தேன்.