அரை நிமிட மௌனம்

ரயிலில் எதிர் சீட்டுப் பையன் பாட்டு பாதியில் நின்றதும் இயர்போனைக் கழற்றித் துடைக்கிறான், வால்யூமைக் கூட்டுகிறான்.

திரையில் ‘ஆசிட் ராப்’, ராப் பாடகர் சான்ஸ் த ராப்பரின் மிக்ஸ்டேப் (இலவசமாக விடும் ஆல்பம்). இரண்டாவது டிராக்.

இயர்போன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. இந்த டிராக்கில் முதலில் போதைப்பொருள் விற்பவனின் ஜம்பமாக ஒரு பாட்டு. சுமார் அரை நிமிடம் சத்தமே இல்லை. பிறகு அதே டிராக்கில் இன்னொரு பாட்டு ‘பாரனாயா’: இசையமைப்பாளர் நோசாஜ் திங்கின் மந்தமான பீட், சிகாகோ கோடைக்காலத் துப்பாக்கி பயம். சைக்கடெலிக் (போதை மயக்க இசை) என்று எக்கோவை அள்ளிக் கொட்டுபவர்கள் இந்த இடைவெளியைக் கேட்க வேண்டும்.

சான்ஸ் த ராப்பர் இதை 2013 ஏப்ரல் 30 அன்று இலவச டவுன்லோடாக விட்டார். லேபிள் (இசை நிறுவனம்) கிடையாது. இலவசமாக வந்ததை யாரோ ஐட்யூன்ஸில் விற்று, அந்தக் கள்ளப்பிரதி பில்போர்டு பட்டியலிலேயே ஏறியது!

சிக்கல் 2019இல் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் ஏற்றும்போது நான்காவது பாட்டு ‘ஜூஸ்’ இல்லை. அந்த இடத்தில் அப்போது அரை நிமிடப் பேச்சுதான் இருந்தது. அதிலிருந்த சாம்பிளுக்கு (பழைய ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டுக்கு) அனுமதி கிடைக்கவில்லை. சோல் பாடகர் டானி ஹாத்தவே மேடையில் பாடிய, ஜான் லெனான் எழுதிய பாட்டின் துண்டு அது. ஆக, ஒலிப்பதிவுக்கு ஓர் அனுமதி, பாட்டை எழுதியதற்கு இன்னொன்று.

சாம்பிளை வெட்டாமல் ஆள் வைத்து மறுபடி வாசித்தால் முதலாவது தேவைப்படாது. இரண்டாவது எப்படியும் வேண்டும்.

‘இலவசம்தானே’ என்பதும் செல்லாது. இலவச மிக்ஸ்டேப் பாட்டுக்காகவே ராப்பர் மேக் மில்லர் மேல் இன்னொரு ராப் கலைஞர் லார்ட் ஃபினெஸ் 2012இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம்.