ராஜா கட்டிய கோயிலைப் பார்க்கப் போனோம்

எங்கள் ஊர் திருநின்றவூர். ஆவடி தாண்டி, அரக்கோணம் போகிற பாதையில் வரும். பக்தவத்சலப் பெருமாளும் ‘என்னைப் பெற்ற தாயாரும்’ இருக்கிற திவ்ய தேசம் என்பதால் வெளியூர்க்காரர்கள் பெருமாளைப் பார்க்கத்தான் வருவார்கள். கொஞ்ச தூரத்தில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொண்டு வருவார்கள், மற்றபடி அமைதிதான். அம்மாவுக்கு இந்தக் கோயில்தான் உயிர்.

அது பூசலார் நாயனார் கோயில். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, கையில் காசில்லாமல், மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, மண்டபம் எழுப்பி, குளம் வெட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தவர். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோன் என்கிற பல்லவ ராஜா தான் கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம் வைத்திருந்தான். சிவன் ராஜாவின் கனவில் போய், “நாளைக்கு நான் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும், நீ தேதியை மாற்றிக்கொள்” என்றார். ராஜா அந்தக் கோயிலைத் தேடி எங்கள் ஊருக்கே வந்து, அப்படி ஒரு கோயில் எங்கேயும் இல்லை என்று தெரிந்து, பூசலார் காலில் விழுந்தான். பெரியபுராணம் சொல்லும் கதை இது. அம்மா சொல்லும்போது கிட்டத்தட்ட ஒரு பந்தய முடிவைச் சொல்வது மாதிரி இருக்கும்.

அந்தத் ‘தோற்ற’ கோயில்தான் காஞ்சி கைலாசநாதர் கோயில் என்பார்கள். திருவள்ளூர் போய் பஸ் மாறினால் காஞ்சிபுரம். இத்தனை வருஷத்தில் அம்மா காமாட்சியைப் பார்த்திருக்கிறார், வரதரைப் பார்த்திருக்கிறார், 2019-ல் அத்தி வரதருக்காக வெயிலில் வரிசையிலும் நின்றிருக்கிறார். ஆனால் கைலாசநாதரிடம் போனதே இல்லை. போன சனிக்கிழமை, “ரெண்டு நாள் லீவுதானேடா, அந்த ராஜா என்னதான் கட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்துடலாம்” என்று அவரே கிளம்பிவிட்டார்.

காஞ்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். டிரைவர் எங்களைக் கேட்காமலே ஒரு பட்டுக்கடை வாசலில் நிறுத்தி, “சும்மா பாருங்கம்மா” என்றார். அம்மா இறங்கவே இல்லை. “முதல்ல சாமி, அப்புறம்தான் சேலை” என்று சொல்லிவிட்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்தது. ஊரின் மேற்குக் கோடிக்குப் போகும் வழியில் ஒன்றிரண்டு வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டது.

கைலாசநாதர் கோயிலில் முதலில் தெரிவது நந்தி. கோயிலைவிட்டுத் தள்ளி, வெட்டவெளியில், தனியாகப் படுத்திருக்கிறது. வானத்தை முட்டும் ராஜகோபுரம் கிடையாது. முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன சன்னதிகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை கட்டியதாகக் கல்வெட்டு இருக்கிறது. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் இது. வயது 1,300 ஆண்டு. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் என்பதால் சிங்கங்களின் மூக்கும் நகமும் மழையில் கரைந்த வெல்லம் போல மழுங்கியிருக்கின்றன. நடுநடுவே பின்னாளில் பூசிய சுதைப் பூச்சு. அந்தப் பூச்சு என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. உளி பட்ட இடமெல்லாம் அதற்குள் மூச்சு முட்டிக் கிடப்பது போல இருந்தது.

உள்சுற்றில் 58 சிறு சன்னதிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவுதான். சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம் தெரிகிறது. காவியிலும் பச்சையிலும் ஒரு தோள், பாதி முகம், அவ்வளவுதான். அம்மா ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். சுற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முட்டிவலி பற்றி அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை.

மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகாமல் கோயிலுக்கே திருப்பித் தந்ததாகச் சொல்லும் கல்வெட்டு. ராஜசிம்மனின் வடமொழிக் கல்வெட்டில் இன்னொரு சங்கதி உண்டு. கிருத யுகத்து மன்னர்கள் அசரீரி கேட்டதில் ஆச்சரியமில்லை, இந்தக் கலியுகத்தில் இவனும் அசரீரி கேட்டானே என்று வியக்கிறது. அந்தக் குரல் பூசலார் விஷயமாக வந்ததுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்வார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ அவனே அதை மறைக்காம கல்லுல போட்டுக்கிட்டானா?” என்றார்.

கருவறையில் 16 பட்டை லிங்கம், ஆளுயரத்துக்கு மேல். கறுப்பாக, வழவழவென்று, விளக்கொளி பட்டையில் பட்டு உடைந்தது. கருவறையைச் சுற்றி வரக் குறுகலான ஒரு பிராகாரம் இருக்கிறது. தரையோடு தரையாகத் தவழ்ந்து நுழைந்து, அந்தப் பக்கம் இன்னொரு துவாரம் வழியாக வெளியே வர வேண்டும். வந்தால் மறுபிறவி கிடையாதாம். நான் போனேன். சட்டை முழுக்கப் புழுதி. நடுவில் ஒரு நிமிஷம் இருட்டில், என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டபோது, உண்மையாகவே பயந்தேன். வெளியே தலை நீட்டியபோது அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“நீ வரலையாம்மா?”

“எனக்கு எதுக்குடா? இன்னொரு பிறவி வந்தா திருநின்றவூர்லயே பொறந்துக்கறேன்.”

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கிளம்பினோம். சாயங்காலம் ஏகாம்பரநாதர், காமாட்சி. இரண்டிலும் கூட்டம். மணல் லிங்கத்தைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி.

ஞாயிறு காலை, காஞ்சியிலேயே இருக்கிற திருவெஃகா பெருமாள் கோயில். வரதர் கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம். கணிகண்ணனை ராஜா ஊரைவிட்டுத் துரத்த, குருவான திருமழிசையாழ்வாரும் கூடவே கிளம்பினார். போகிற போக்கில் பெருமாளிடம், “நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா” என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிருக்கை. ராஜா மன்னிப்புக் கேட்டதும் ஆழ்வார் திரும்பி வந்து பாயை விரிக்கச் சொல்ல, பெருமாள் மறுபடி படுத்தார். பொதுவாக இடமிருந்து வலமாகச் சயனிக்கிறவர் இங்கே வலமிருந்து இடமாகக் கிடக்கிறார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பேர். அம்மா சன்னதியில் நின்று, “இந்த ஊர்ல ராஜாவா இருக்கறது ரொம்பக் கஷ்டம்டா. சாமி எப்பவும் வேற யார் பேச்சையோ கேக்கறார்” என்றார். பக்கத்தில் நின்றிருந்த பட்டர் சிரித்துவிட்டார்.

வரதர் கோயிலில் பல்லியைத் தொட்டுவிட்டு, கோயில் இட்லி வாங்கினோம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைப்பது. சுக்கு, மிளகு, சீரகம் மூன்றும் நாக்கில் தெரிந்தன. சட்னி தேவையே இல்லை. சேலை மட்டும் வாங்கவில்லை. விலையைக் கேட்டதும் அம்மாவே, “அடுத்த தடவை” என்றார்.

இரவு ஊர் வந்து சேர்ந்தபோது இருதயாலீஸ்வரர் கோயிலில் இன்னும் நடை சாத்தவில்லை. பஸ் அலுப்போடு உள்ளே போனோம். கருவறையில் லிங்கத்துக்குப் பக்கத்தில் பூசலார் எப்போதும்போல நின்றிருந்தார். குருக்கள் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டார். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கைலாசநாதர் விபூதியை அவிழ்த்து அவரிடம் கொஞ்சம் நீட்டினார்.

“ராஜா கோயிலுக்குப் போயிருந்தோம். நல்லாத்தான் கட்டியிருக்கான். பாவம், அங்கேயும் கூட்டமே இல்லை.”