ப்ராப்ளம்னு சொல்லலாமா கூடாதா

எங்க ஐடி சப்போர்ட் டீம்ல புதுசா வந்து சேர்ற பசங்க சர்வர், டேட்டாபேஸ் எல்லாத்தையும் ரெண்டு மாசத்துல புடிச்சிக்கிறாங்க, ஆனா ப்ராப்ளம்ங்கற சாதாரண இங்கிலீஷ் வார்த்தை மட்டும் பல பேருக்கு வருஷம் ஆனாலும் தகராறுதான். வீட்ல தெருவுல எல்லாரும் சொல்ற வார்த்தை, எங்க டிக்கெட்ல, அதாவது கோளாற பதிவு பண்ற குறிப்புல மட்டும் அத வாய்க்கு வந்தபடி எழுதிட முடியாது.

யூசர் ஒருத்தர் பேமென்ட் பேஜ் ஓப்பன் ஆகலன்னு கத்துறார்னு வெச்சுக்கோங்க, அது எங்க கணக்குல இன்சிடென்ட். அதே பேஜ் ஒவ்வொரு திங்கக்கிழமை காலைலயும் படுத்துக்குது, ஏன்னு யாருக்கும் தெரியல, அந்த ஏன்தான் ப்ராப்ளம். இந்தப் பிரிவினை எல்லாம் ஐடிஐஎல்ல இருந்து வந்தது, ஐடி சேவைய எப்படி நடத்தறதுன்னு 1980கள்ல பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கம்ப்யூட்டர் ஏஜென்சி எழுத ஆரம்பிச்ச புத்தகங்கள், இன்னைக்கு சென்னை ஓஎம்ஆர்ல சப்போர்ட் வேலை பாக்குறவங்க நெறைய பேரு பேசறது அந்த பாஷைதான். இன்சிடென்ட்னா கடிகாரம் ஓடும், ரீஸ்டார்ட் பண்ணுவியோ வொர்க்அரவுண்ட்னு தற்காலிகமா ஒரு வழி குடுப்பியோ எப்படியாவது எழுப்பி விடு, எஸ்எல்ஏ, அதாவது கிளையன்ட்டுக்கு ஒத்துக்கிட்ட கெடு, தப்பிச்சா போதும். ப்ராப்ளம் டிக்கெட்டுக்கு அந்த மாதிரி யாரும் துரத்த மாட்டாங்க, அதனாலேயே அது ஓரமா கெடந்து தூங்கும். என்னக் கேட்டா உண்மையான வேலை அந்தத் தூங்குற டிக்கெட்லதான் இருக்கு, ஆனா அப்ரைசல்ல மார்க் வாங்குறவன் ரீஸ்டார்ட் பண்ணவன்.

டெஸ்டிங் பக்கம் போனா கதையே வேற, அங்க காசு பேசும். ஒரே தப்பு, அத டிஃபெக்ட்னு எழுதினா கம்பெனி ஃப்ரீயா சரி பண்ணணும், சேஞ்ச் ரிக்வெஸ்ட்னு எழுதினா கிளையன்ட் காசு குடுக்கணும். இன்வாய்ஸ்ல பவுண்டுக்குக் கீழ வர்ற பென்ஸ் சில்லறைக் கணக்க எப்படி ரவுண்ட் பண்றதுன்னு டாக்குமென்ட்ல ஒரு வரி இல்ல, அவங்க இது டிஃபெக்ட்னு சொல்ல, எங்க ஆளுங்க இது நீங்க கேக்கவே இல்லியேன்னு சொல்ல, போன் கால் மேல கால் போட்டுப் பேசி கடைசில அதுக்கு "அப்சர்வேஷன்"னு பேர் வெச்சு ஆறப் போட்டாங்க. அப்சர்வேஷன்னா பாத்தோம், அவ்ளோதான், யார் சரி பண்றதுன்னு அந்த வார்த்தைக்குள்ள இல்ல.

டெவலப்பர் கிட்ட பக்னு சொன்னா மூஞ்சி சுருங்கும், இஷ்யூன்னு சொன்னா "பாக்கறேன்"னு வரும், இது எல்லா டெஸ்டருக்கும் தெரியும். இங்கிலீஷ்ல பக்னா பூச்சி, அந்த வார்த்தை 1947ல ஹார்வர்ட் மார்க் 2ங்கற பழைய கம்ப்யூட்டர்ல அந்துப்பூச்சி மாட்டுனதால வந்ததுன்னு ட்ரெய்னிங்ல இன்னும் சொல்லிக் குடுக்குறாங்க. பூச்சி மாட்டுனது நெஜம், அத லாக் புக்ல டேப் போட்டு ஒட்டி, நெஜமாவே பக் கெடைச்சது இதான் முதல் தடவைன்னு பக்கத்துல எழுதி வெச்சாங்க. அந்த வார்த்தை ஏற்கனவே பொழக்கத்துல இருந்தாத்தானே அந்த ஜோக்கே ஜோக். எடிசன் 1878லயே ஒரு லெட்டர்ல தன் மெஷின்ல வர்ற சின்னச் சின்ன கோளாற பக்னுதான் எழுதியிருக்கார்.

க்ளிட்ச்னு ஒன்னு இருக்கு, அது எனக்குப் புடிக்காத வார்த்தை. விண்வெளிக்குப் போன ஜான் க்ளென் 1962ல அத விளக்கும்போது கரண்ட்ல வோல்டேஜ் திடீர்னு தாவுறதுன்னு சொன்னார், அதாவது கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள வந்துட்டுப் போறது. இப்ப ஒரு நாள் பூரா ஆப் வேலை செய்யலன்னாலும் அறிக்கையில டெக்னிக்கல் க்ளிட்ச்னுதான் வருது, கேக்கறப்பவே ஏதோ தும்மல் மாதிரி, யாரும் பொறுப்பில்லங்கற மாதிரி.

ஊருக்கு ஊர் வேற அர்த்தம் வேற. பிரிட்டிஷ் மேனேஜர் அமைதியா "எ பிட் ஆஃப் அன் இஷ்யூ"ன்னு சொன்னா வீட்டுக்குப் போன் பண்ணி இன்னைக்கு லேட்டாகும்னு சொல்லிடறது நல்லது, எங்கயோ நல்லா எரியுதுன்னு அர்த்தம். அமெரிக்காக்காரங்க பல பேரு ப்ராப்ளம்னு சொல்லவே கூச்சப்படுவாங்க, சேலஞ்ச்தான். பெரிய கோளாறு வந்தா எல்லாரும் சேர்ந்து பேசற ப்ரிட்ஜ் கால்ல யாராவது ஒருத்தர் தவறாம "ஹூஸ்டன், வி ஹேவ் எ ப்ராப்ளம்"னு ஜோக் அடிப்பாங்க, 1970 ஏப்ரல்ல நிலாவுக்குக் கெளம்புன அப்போலோ 13 விண்கலத்துல இருந்து ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்த பேச்சுல அது "வி'வ் ஹேட் எ ப்ராப்ளம்", ஏற்கனவே வந்துடுச்சுங்கற மாதிரி. சினிமாக்காரங்க மாத்துனதுதான் நெலைச்சுப் போச்சு.

நம்ம பசங்களுக்கு வர்ற சிக்கல் இதுல எதுவும் இல்ல, அது மெக்கானிக் ஷாப்ல இருந்து வருது. தமிழ்ல வண்டி கம்ப்ளைண்ட்னா வண்டியே கெட்டுப் போச்சுன்னு அர்த்தம், யாரும் எங்கயும் புகார் குடுக்கல. டிவி ரிப்பேர்னா டிவி ஓடல, இங்கிலீஷ்ல ரிப்பேர்னா சரி பண்றது, அப்படியே நேர் எதிர். லண்டன் பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கிளையன்ட், புதுப் பையன் ஒருத்தன் டிக்கெட்ல "கஸ்டமர் லாகின் கம்ப்ளைண்ட்"னு தலைப்பு வெச்சுட்டான், அங்க கம்ப்ளைண்ட்ங்கறது சட்டத்துக்குள்ள இருக்கற சொல்லு, ஃபைனான்ஸ் கம்பெனின்னா பெரும்பாலும் 8 வாரத்துக்குள்ள வாடிக்கையாளருக்கு முடிவு எழுதிக் குடுக்கணும், டிக்கெட் நேரா அந்த க்யூவுக்குப் போய் உக்காந்துக்கிச்சு, எந்தக் கஸ்டமர் எப்ப புகார் சொன்னார்னு நாள் பூரா மெயில் மேல மெயில். பையன நான் திட்டல. டாக்டர்ங்க "சீஃப் கம்ப்ளைண்ட்"னு எழுதுறாங்களே, நெஞ்சு வலிக்குதுன்னா அதுவும் கம்ப்ளைண்ட்தானே, வெள்ளக்காரனே வச்சிருக்கற அர்த்தத்த நம்மாளு மோட்டாருக்கும் வெச்சிக்கிட்டான்.

இஷ்யூ அதவிட வேடிக்கை. எங்க வீட்டுப் பெரியவங்க "அவங்களுக்கு இஷ்யூ இல்ல"ன்னா கொழந்த இல்லன்னு அர்த்தம், மேட்ரிமோனியல் விளம்பரத்துல இப்பவும் விவாகரத்தானவர் நோ இஷ்யூஸ்னு வருது. நான் வீட்ல இருந்து வேலை பாக்கறப்போ கால்ல சத்தமா "நோ இஷ்யூஸ் ஃப்ரம் அவர் சைட்"னு சொல்றத கேட்டுட்டு ஒரு நாள் அத்தை உள்ள வந்து யாருக்குப்பா பாக்கறீங்கன்னு கேட்டாங்க.

இப்ப டீம்ல நான் சொல்றது ஒன்னுதான். தலைப்புல இந்த வார்த்தை எதுவும் வேணாம், நடந்தத எழுது. "காலை 9:40ல இருந்து கார்டு பேமென்ட் மட்டும் போகல, பேங்க் ட்ரான்ஸ்ஃபர் போகுது, ஆப்ல சரியா இருக்கு வெப்சைட்ல இல்ல." இன்சிடென்ட்டா ப்ராப்ளமான்னு கீழ இருக்கற டப்பாவுல செலக்ட் பண்ணிக்கலாம். மேனேஜர் மட்டும் தலைப்பு ரொம்ப நீளமா இருக்கு, சுருக்குன்னு சொல்லிட்டே இருக்கார்.